ஐந்தாம் நாள் முட்டையில் ஒரு கோடு

கண்ணாடித் தட்டில் கிடந்த குஞ்சு என் சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருந்தது. அதைக் குஞ்சு என்று சொல்வதே அதிகம். வளைந்த முதுகு, சிறகு வரப்போகும் இடத்தில் இரண்டு மொட்டு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. அந்தத் தலையில் பாதி கண்.

கண் மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. உடம்பெல்லாம் கஞ்சித் தண்ணீர் போல வெளிறியிருக்க, அது ஒன்று மட்டும் மிளகாகக் கறுத்து என்னையே பார்த்தது. நஸ்ரினா மிஸ் தட்டை லேசாகத் திருப்பினார். கறுப்பின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. யாரோ நகத்தால் கீறி, கறுப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்ட மாதிரி.

என் கையிலிருந்த முட்டைத் தட்டை மேசையில் வைத்தேன்.

அதே இடத்தில் அப்படியொரு கோட்டை, வெள்ளையாக இல்லாமல் கறுப்பாக, நான் ஐந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். என் மகள் சுதாவின் வலது கண்ணில்.

“இது என்ன மிஸ், கண்ணுல வெட்டு விழுந்திருக்கு?” என்று கேட்டேன்.

“வெட்டு இல்ல. கண் மூடுற எடம். எல்லாக் குஞ்சுக்கும் ஈக்கும். இன்னம் ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கரையும் ஒட்டிக்கொள்ளும்.”

“ஒட்டாட்டி?”

அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார். “ஒட்டாட்டி அப்பிடியே நிக்கும்.”

குழியிலிருந்து முட்டைக்கு

இந்தத் தொடரில் போன வாரம் பெல்மதுளை மாணிக்கக் குழியில் கதையை விட்டிருந்தேன். அங்கே என் வேலை குழியின் நடுப்படியில் நிற்பது. கீழே இருப்பவன் சேற்றுக் கூடையை எறிவான், நான் பிடித்து மேலே எறிய வேண்டும். மேலிருந்து காலிக் கூடை திரும்பி வரும். வலது பக்கம் வருவதைப் பிடித்துவிடுவேன். இடது பக்கம் மேலேயிருந்து வருவது என் தோளில் பட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

கவனம் இல்லாதவன் என்று ஏசினார்கள். ஒரு நாள் நான் பிடிக்காத கூடை கீழே நின்றவனின் தலையில் விழுந்தது. காயம் பெரிதில்லை. ஆனால் மறுநாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் இடது நிலையில் தலையை இடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் ‘தலைமுட்டி’ என்று பேர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போய்விட்டது, பேர் மட்டும் கூடவே வந்தது.

குழிக்குப் பிறகு ஒரு தேங்காய் லொறி, பிறகு ஒரு ஓட்டுத் தொழிற்சாலை. எதிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. அப்படித்தான் ரம்புக்கனைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு அப்பால், ரயில் மலையேறத் தொடங்கும் பக்கமாக, கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று இருந்தது. முட்டைகளைத் தட்டில் அடுக்குவது, நேரத்துக்கு நேரம் திருப்பிவிடுவது, ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் பல்ப் எரியவிட்டு அந்த வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. இதுதான் வேலை.

நஸ்ரினா மிஸ் மாவனல்லைக்காரர், இருக்கும் என்பதை ‘ஈக்கும்’ என்பார். கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், ஏதோ பெரிய படிப்பு. வயதில் என்னை விட இளையவர். முட்டைக்குள் கண் எப்படி உண்டாகிறது என்பதுதான் அவர் படிப்பு. கெம்பஸில் கரண்ட் போனால் முட்டை எல்லாம் குளிர்ந்து செத்துவிடும் என்பதால், ஜெனரேட்டர் இருக்கும் எங்கள் பண்ணையில் பின்பக்கத்து அறை ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். முட்டை தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. தமிழ் தெரிந்தவன் என்று என்னைக் கை காட்டினார்கள்.

அந்த அறையில் நான் பார்த்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

கண் முதலில் வெளியே முளைப்பதில்லை. மூளையிலிருந்து, இரண்டு பக்கமும், மொட்டு மாதிரி புடைத்து வருகிறது. வந்து தோலை உள்ளேயிருந்து தொடுகிறது. தொட்ட இடத்துத் தோல் தடித்து, குழிந்து, உள்ளே இறங்கிக் கண்ணின் கண்ணாடியாக மாறுகிறது. அதே நேரம் மொட்டு உள்பக்கமாக மடிந்து ஒரு கிண்ணமாகிறது. அந்தக் கிண்ணம் முழுக் கிண்ணமில்லை. அடியில் ஒரு பிளவு இருக்கும். அந்த வழியாகத்தான் ரத்த நரம்பு உள்ளே போகும். போன பிறகு பிளவின் இரண்டு கரையும் கிட்டே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“யாரு மிஸ் ஒட்டச் சொல்றது?” என்று ஒருமுறை கேட்டேன்.

உடம்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துணுக்கும் பக்கத்துத் துணுக்குக்கு ஒன்றைக் கசிந்து கொடுக்கும், அதை வாங்கிக்கொண்டு இது அடுத்ததற்குக் கொடுக்கும், அப்படிச் சேதி போகும் என்றார். குழியில் கூடை கைமாறுகிற மாதிரியா என்று கேட்டேன். அவ்வளவு லேசில்லை, ஆனால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடை வரும்போது கை அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கிரகணத்தன்று பால்வெட்டு

சுதா பிறந்த கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்து டிவிசனில் எங்கள் லயம். என் மனைவி தவமணி பால்வெட்டு வேலைக்காரி. விடியும்போது மரத்தில் சாய்வாகப் பட்டையைக் கீற வேண்டும். கீறின கோட்டில் பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். அதை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும்.

அவளுக்கு வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது காலை நேரத்தில் ஒரு கிரகணம் வந்தது. கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி கத்தியைத் தொடக்கூடாது. காய் கூட நறுக்கக்கூடாது. எதை வெட்டினாலும் அது வயிற்றுப் பிள்ளையின் உடம்பில் விழும் என்பார்கள். லயத்தில் மற்றப் பிள்ளைத்தாய்ச்சிகள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். தவமணி முதல் நாளே என்னிடம் கேட்டாள், நாளைக்கு வேலைக்குப் போகாமல் நிற்கவா என்று. நான் அப்போது எங்கோ புறப்படும் அவசரத்தில் இருந்தேன்.

“ஒன்னும் ஆகாது. போயிட்டு வா,” என்றேன்.

அவள் போனாள். அன்று அவள் வாளியில் பால் குறைந்துவிட்டது என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போட்டார். மூன்று வாரம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது அதைக் கேள்விப்பட்டு, போனதுதான் போனாய், ஒழுங்காக வெட்டியிருக்கக் கூடாதா என்று அவளை ஏசியதும் நினைவிருக்கிறது.

பிள்ளை பிறந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கண்ணை நன்றாகத் திறந்தது. வலது கண்ணின் கறுப்பு வட்டமாக இல்லை. கீழ்ப்பக்கமாக ஒழுகி, பூட்டின் சாவித் துவாரம் போல இருந்தது.

என் அம்மாதான் முதலில் சொன்னார். “மரத்துல வெட்டுனது புள்ளக் கண்ணுல விழுந்திருச்சு.”

அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மரத்தில் கீறின கோட்டிலிருந்து பால் இறங்குகிற மாதிரியே பிள்ளையின் கண்ணிலிருந்து கறுப்பு இறங்கியிருந்தது. டிவிசன் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் தவமணி நின்றால் வயிற்றுக்காரிகள் நகர்ந்து நின்றார்கள். அவள் கத்தியை அவர்கள் தொடுவதில்லை.

போகச் சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஐந்து வருடமும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் அது தொண்டை வரை வரும். அதனால் வீட்டில் இருப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பென்சில் புள்ளி

நான் முட்டை அறைக்கு வந்த மூன்றாவது மாதம் தவமணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு அது சந்தோசமாக இருக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைக்கவே பயந்தாள். பால்வெட்டுக்குப் போகாமல் நின்றாள்; முருங்கைக்கீரையைக் கூட ஆயாமல் யோகத்திடம் கொடுத்து ஆய்ந்து வாங்கினாள். யோகம் பக்கத்து வீட்டுப் பெண். தவமணியோடு பக்கத்து வரிசை மரங்களில் பால் வெட்டுகிறவள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் புருசனுக்கும் கட்டுப்பாடு உண்டு. உயிரைக் கொல்லக்கூடாது. பிணம் தூக்கக்கூடாது. நானோ தினம் முட்டையைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கோழிப் பண்ணையில் வேலை என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். எந்த அறையில் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மிஸ் இரண்டாம் நாள் முட்டை ஒன்றில் ஜன்னல் போலச் சிறிதாக வெட்டி, ஒரு பக்கத்துக் கண் மொட்டை, அது தோலைத் தொடும் முன்பே, ஊசி முனையால் எடுத்துவிட்டார். ஓட்டைத் திரும்ப ஒட்டி வைத்தோம். நாள் போய்த் திறந்தபோது ஒரு பக்கம் கண். மறுபக்கம் வெறும் தோல். காயம் கூட இல்லை. அங்கே கண் என்று ஒன்று வரவேண்டியிருந்தது என்பதே அந்தத் தோலுக்குத் தெரியாது.

அன்று மூன்று தடவை கை கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன அந்தக் கோட்டைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன். யாருக்கும் சொல்லாமல் ஒரு முட்டையை எடுத்து, மழுங்கிய முனையில் பென்சிலால் புள்ளி வைத்தேன். மிஸ் செய்யப் பார்த்திருந்தபடியே ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, டேப் ஒட்டினேன். இதன் கண்ணில் கோடு மூடிக்கொண்டால் தவமணி வயிற்றுப் பிள்ளைக்கும் மூடிக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சாமிக்கு நேர்ந்துவிடுவது போல.

ஐந்தாம் நாள் கறுப்பு வந்தது. கோடும் வந்தது. ஆறாம் நாள் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். கோடு இருந்தது. மத்தியானம் பிரித்தேன். பின்னேரம் பிரித்தேன். மெலிந்த மாதிரியும் இருந்தது, மெலியாத மாதிரியும் இருந்தது. ஏழாம் நாள் காலையில் இரண்டு தடவை.

அன்று மத்தியானம் பார்த்தபோது துடிப்பு இல்லை. சிலந்தி வலை போல ஓடியிருந்த ரத்தம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. கோடு மூடியிருந்ததா இல்லையா என்று பார்க்கவும் எனக்கு தைரியம் இல்லை.

நானே பார்த்துப் பார்த்துக் கொன்றிருந்தேன்.

அந்த வாரம் நான் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. இந்தக் கையோடும் இந்தக் கண்ணோடும் பிள்ளைத்தாய்ச்சி முன்னால் போய் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேனோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது. எங்கள் வீட்டுப் பக்கம் போகும் கேகாலை பஸ் பண்ணை வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

யோகத்தின் புருசன் ஒரு நாள் ஏதோ அலுவலாக ரம்புக்கனைக்கு வந்தவன் என்னைத் தேடி வந்து சொன்னான், இரண்டாவதும் அப்படிப் பிறக்கும் என்று பயந்து நீ ஓடிவிட்டாய் என்று லயத்தில் பேசுகிறார்கள் என்று. தவமணி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள் என்றான்.

மருந்து ஊற்றிய கண்

பென்சில் புள்ளி வைத்த முட்டையை மிஸ் கண்டுபிடித்தார். கழிவு வாளியில் போட எனக்கு மனம் வராமல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். நாறிவிட்டது.

அவருக்குக் கோபம் வந்தது. வேலைக்கு முட்டை எண்ணிக்கையாகக் கிடைக்கிறது, விளையாடுகிறீர்களா என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுதாவின் கண், கிரகணம், மரம், தவமணியின் வயிறு, நான் வீட்டுக்குப் போகாதது. போகச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சந்தனம் அண்ணன், கிரகணம் வரக்குள்ள ஒங்கட மனிசிக்கு எத்தின மாசம்?”

“ஆறு மாசம் மிஸ்.”

“மனுசருக்கு இந்தக் கோடு மூடுறது ஆறாம் ஏழாம் கிழமை, ரெண்டாம் மாசத்தில. வயித்தில புள்ள ஈக்கிது எண்டு தாய்க்கே சரியாத் தெரியாத நேரம். ஆறு மாசத்தில அவ மரத்த வெட்டினா என்ன, மலைய வெட்டினா என்ன? அந்தக் கண் அதுக்கு முந்தியே முடிஞ்சி.”

ஐந்து வருடத்தை யாரோ ஒரு வார்த்தையில் தூக்கி அந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது. உடனே அடுத்த பயம் வந்தது. தவமணிக்கு இப்போது நான்காம் மாதம். அப்படியென்றால் இந்தப் பிள்ளையின் கண்ணும் முடிந்துவிட்டது. ஒட்டியோ ஒட்டாமலோ. நான் தூரமாக இருந்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த முட்டையை நான் திறக்கத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

“அப்ப ஏன் மிஸ் ஒட்டாமப் போவுது?”

“சேதி போகாம நிண்டிருக்கும். இல்லாட்டிப் பிந்திப் போயிருக்கும். ஏன் எண்டு முழுசா ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இத்தின முட்டை.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “குடும்பத்தில வேற ஆருக்கும் ஈக்கா? சில ஆக்களுக்கு வெளிய தெரியாது. கண்ணுக்குப் பின்னால ஈக்கும்.”

இல்லை என்றேன். எங்கள் வீட்டில் கண்ணில் குறை யாருக்கும் இல்லை. நான் மட்டும்தான் அங்கே இங்கே முட்டிக்கொள்வேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அடுத்த வாரமே என்னைக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார். நீள வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார வைத்து எல்லாருக்கும் மருந்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த ஆட்களின் முகம் கரைந்து போனது. உள்ளே டாக்டர் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்து, மேலே பார், கீழே பார் என்று சிங்களத்தில் சொன்னார். இடது கண்ணில் அதிக நேரம் நின்றார். மகளுக்கு இப்படி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வெளிச்சத்தை அணைத்தார்.

“ஒயாட்டத் தியெனவா,” என்றார்.

உனக்கும் இருக்கிறது.

வெளியே தெரியாமல், கண்ணின் பின்சுவரில், அடிப்பக்கம். அந்த இடத்துக்குப் பார்வை இல்லை. கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுவதால் எனக்கு மேல் பக்கம் தெரியாமல் போயிற்று என்றார். நான் வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வாசல் நிலை, மாணிக்கக் குழி, கீழே நின்றவனின் தலையில் விழுந்த கூடை, எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. கவனமில்லாதவன் என்று என்னை நானே நம்பியிருந்தேன்.

சுதாவுக்கு அது மரத்திலிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்திருக்கிறது.

வட்டம்

அன்றே தெரணியகலைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டு போனேன். லயத்து வாசலில் தவமணி விறகு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“வந்துட்டீங்களா? ஓடிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“இல்ல,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உண்மையை எழுத வேண்டும். பயம். உன் பிள்ளைக்கு என்னால்தான் இப்படி என்று சொன்னால், அடுத்த நொடி அவள் தன் வயிற்றைப் பார்ப்பாள். அதைப் பார்க்க என்னால் முடியாது. பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பண்ணை வேலையை விட்டுவிட்டுப் பிறக்கும் வரை வீட்டிலேயே நின்றேன். சுதா பிறந்த பிறகு வீட்டில் நான் அவ்வளவு நாள் நின்றது அதுதான்.

பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோதும் நான் பார்க்கவில்லை. துணியைச் சரிசெய்கிறேன், சுடுதண்ணீர் வாங்கி வருகிறேன் என்று ஏதாவது சொல்லி விலகிவிடுவேன். தவமணியும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பால் கொடுக்கும்போது முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, லயத்துப் பெண்கள் பார்க்க வந்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். சுதா அவர்களுக்கு இடையே புகுந்து, தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“தம்பிக்கு ரெண்டும் வட்டமா இருக்கு,” என்றாள். பிறகு ஏமாற்றமாக, “என்னைய மாதிரி இல்ல.”

பெண்கள் மூச்சு விட்டார்கள். அம்மா முன்னால் வந்து பையனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தவாட்டி இவ கத்தியத் தொடல,” என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “பாருங்க, புள்ள எப்படி இருக்குன்னு. அன்னிக்கும் இப்படி வீட்டுல கெடந்திருந்தா, அந்தப் புள்ளக்கி இந்தக் கதி வந்திருக்குமா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்லபடியாகப் பிறந்த பிள்ளையே இப்போது சாட்சியாகிவிட்டது. சுதா என் அம்மாவின் முகத்தையும் தவமணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்குகிற வயது வந்திருந்தது.

“போகச் சொன்னது நான்,” என்றேன்.

அம்மா திரும்பினார்.

“அன்னிக்கு நிக்கவான்னு கேட்டா. நான்தான் போன்னு சொன்னேன். ஆனா அதுனால வந்ததில்லம்மா. அது எங்கிட்டேருந்து வந்தது. என் எடது கண்ணுலயும் இருக்கு. பின்னால. டாக்டர் பாத்தாரு.”

பிறகு யோகம்தான், “பின்னால கண்ணு வச்சிருக்க ஆளு டிவிசன்ல நீங்க ஒருத்தருதாண்ணே,” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் முட்டை, மொட்டு, ஆறாம் கிழமை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. பொண்டாட்டிக்காகப் பேசுகிறான், பேசட்டும் என்றார் அம்மா. வெட்டினது வெட்டினதுதானே என்றார்.

“நான் வெட்டவே இல்ல.”

தவமணி படுத்த இடத்திலிருந்தே சொன்னாள். சத்தம் போடவில்லை.

“மரத்தடியில கத்திய மண்ணுல குத்தி வச்சிட்டு, கிரகணம் விடுற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மரத்தத் தொடல. யோகம் அவ பால்ல பாதிய எம் வாளில ஊத்துனா. அதுதான் ரெண்டு பேருக்கும் பால் கொறஞ்சிச்சு.”

எல்லாரும் யோகத்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “ஆமா,” என்றாள். “கண்டாக்கையாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் நிப்பாட்டியிருப்பாரு. நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்.”

அம்மா பையனைக் கீழே கிடத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் வெளியே போனார்கள்.

பிறகு நான் கேட்டேன். அஞ்சு வருசமா ஏன் சொல்லல? யோகத்துக்காகவா?

“மொதல்ல அவளுக்காகத்தான்,” என்றாள். “பெறகு, வெட்டலன்னு சொன்னா வேற என்னன்னு தேடுவாங்க. தேடிக்கிட்டே இருப்பாங்க. வெட்டுனேன்னு இருந்தா அதோட முடிஞ்சிரும்ல. நான் மட்டுந்தான் வேற என்னவா இருக்கும், வேற என்னவா இருக்கும்னு யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இந்தப் புள்ள வயித்துல இருக்கையில, எதச் செய்யக்கூடாதுன்னே தெரியாமக் கெடந்தேன்.”

நான் தூர இடத்தில் ஒளிந்துகொண்டு பயந்தேன். அவளோ எதற்குப் பயப்படுவது என்றுகூடத் தெரியாமல், அதே காம்பராவில், அதே மரங்களுக்கு நடுவில் பயந்திருக்கிறாள்.

அவள் என் முகத்தை இழுத்து இடது கண்ணைக் கிட்டே பார்த்தாள்.

“ஒன்னும் தெரியலையே.”

“வெளிய தெரியாது.”

“அப்ப இவனுக்கும் உள்ள இருக்கலாமா?”

இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் அவளிடம் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்று மாதம் கழித்து, பையனுக்கும் சுதாவுக்கும் மருந்து ஊற்றிப் பார்க்க, அதே கிளினிக்குக்குப் புறப்பட்டோம். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பையனின் கண்ணில் ஒன்றுமில்லை. ஆனால் அது போகும்போது எங்களுக்குத் தெரியாது. வளைவுக்கு வளைவு ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாய்ந்த கோடு.

தவமணிக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்தான் பிடிக்கும். நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம் உட்காருவேன். அன்று அவள் ஜன்னலை விட்டு எழுந்து, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை அந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள்.

மடியில் இருந்த சுதாவோடு நான் நகர்ந்தேன். அவள் வந்து, நான் எப்போதும் முட்டிக்கொள்ளும் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.